'அவாக்' என்றால் நானா, நீயா

அந்தப் பெண்மணி என்னிடம் முதன்முதலில் சொன்ன வாக்கியத்தில் மூன்று சொற்கள் இருந்தன. அவற்றில் இரண்டு எனக்குத் தெரிந்தவை. தெரிந்த அந்த இரண்டும்தான் என்னைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போயின.

சிட்னியின் மேற்குப் பகுதியில் இருக்கும் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் நான் ஸ்பீச் தெரப்பிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சைத் திரும்பக் கொண்டுவரவும், புரையேறாமல் விழுங்கவும் பயிற்சி கொடுப்பது என் வேலை. நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், செரம்பானில். இங்கே படிக்க வந்தேன், வேலை கிடைத்தது, தங்கிவிட்டேன். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலாயும் பேசி வளர்ந்தவள் என்பதால், வார்டில் இந்தோனேசியர் யாராவது வந்தால் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். மலாய் தெரிந்தவருக்கு இந்தோனேசிய மொழி முக்கால்வாசி புரியும். அந்த முக்கால்வாசியை நான் முழுசு என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சிட்னியின் லிட்கம் பகுதியில் வீடு. குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தவர். ஒரு நாள் காலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கத்தி கையிலிருந்து நழுவியிருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவரால் நிமிர முடியவில்லை. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் பலவீனம். பெரிய மருத்துவமனையில் இரண்டு வாரம் வைத்திருந்து எங்களிடம் அனுப்பினார்கள். கூடவே வந்த கோப்பில் இப்படி எழுதியிருந்தது: மொழி, இந்தோனேசியன். பேச்சு, சொற்கள் சிதைந்து வருகின்றன.

வந்த அன்றே மதியம் ஒரு மணிக்குமேல் சக்கர நாற்காலியில் அவரை என் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலையில் இளம்பச்சைத் துணி சுற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் நிதானமாகச் சொன்னார்:

"அவாக் ஓலுன் மாக்கான்."

எங்கள் ஊர் மலாயில் 'அவாக்' என்றால் நீங்கள். 'மாக்கான்' என்றால் சாப்பிடுவது. நடுவில் இருந்த சொல் குழறலாகக் கேட்டது. சேர்த்துப் பார்த்தால் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்கிறார். செரம்பானில் யாரைப் பார்த்தாலும் 'பசியாறியாச்சா' என்று கேட்பதுதான் வழக்கம். மலாய்க்காரர்களும் அப்படித்தான். இத்தனை பெரிய நோய் வந்தும் இந்த அம்மாவுக்கு மரியாதை மறக்கவில்லையே என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னேன்: "சாப்பிட்டுவிட்டேன், நன்றி."

அவர் என்னையே சற்று நேரம் பார்த்தார். பிறகு அதே வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். நானும் உரக்க, "சாப்பிட்டாகிவிட்டது," என்றேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விதிப்படி எனக்கு மலாய் தெரிந்தாலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பரிசோதனை நடத்தக்கூடாது. தொலைபேசியில் ஓர் இந்தோனேசிய மொழிபெயர்ப்பாளர் வந்தார். ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

பூனைப் படம். இந்தோனேசிய மொழியில் 'கூச்சிங்' என்று சொல்ல வேண்டும். அவர் 'கூச்சியாங்' என்றார்.

"பூனையைத்தான் சொல்ல வருகிறார், ஆனால் கடைசி ஒலி உடைந்துபோகிறது," என்றார் தொலைபேசியில் இருந்தவர்.

ஆடு 'காம்பிங்'. இவர் 'காம்பியாங்' என்றார். மூக்கு 'ஹீடுங்'. இவர் 'ஹீடுவாங்' என்றார். அரிசி 'பெராஸ்'. இவர் 'போரே' என்றார். ஒன்று முதல் எண்ணச் சொன்னேன். "ச்சியெக், துவோ, தீகோ, ஓம்பெக், லீமோ, ஓனாம்" என்று விரலை மடக்கி எண்ணினார். சாத்து, துவா, தீகா, எம்பாட், லீமா, எனாம் என்று வந்திருக்க வேண்டியவை.

"ஒன்றே சரியாக வரவில்லை. பாவம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மூளையில் அடிபட்டவரின் பேச்சு என்று நான்தான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் காது உடைந்த பேச்சை எதிர்பார்த்தது, உடைந்த பேச்சையே கேட்டது. என் காதும் அப்படித்தான்.

கடைசியில் வாய் அசைவுப் பயிற்சிக்காக முகக்கண்ணாடியை அவர் முன்னால் வைத்து, இது யார் என்று கேட்டேன். தன் முகத்தைப் பார்த்து, "அவாக்," என்றார்.

நான் குறித்துக்கொண்டேன்: 'கண்ணாடியில் தன்னைப் பார்த்து "நீங்கள்" என்கிறார். தன்மைக்கும் முன்னிலைக்கும் குழப்பம்.' அறிக்கையைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றினேன். வீட்டில் தனியாக விட முடியாது, தன் தேவையைப் பிறருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாத நிலை என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன்.

ஐந்து மணிக்கு அவருடைய கணவர் வந்தார். ரயில் பணிமனையில் எலக்ட்ரீஷியன். மெலிந்த மனிதர், வேலை உடுப்பிலேயே வந்திருந்தார். மனைவியைப் பார்த்துவிட்டு, நேரே என் அறை வாசலில் வந்து நின்றார்.

"இன்றைக்கு மதியச் சாப்பாடு தாமதமாக வந்திருக்குமோ?" என்று இந்தோனேசிய மொழியில் கேட்டார்.

"தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன். ஏன்?"

"ஒன்றுமில்லை. சும்மா கேட்டேன்." திரும்பினார். ஆனால் போகவில்லை. கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே மறுபடி கேட்டார்: "உங்கள் மலாயில் அவாக் என்றால் நீங்கள், இல்லையா?"

"ஆமாம்."

"எங்கள் பேச்சில் அவாக் என்றால் நான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது காது மடல்கள் சுட்டன. 'நான் இன்னும் சாப்பிடவில்லை.' அதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார், இரண்டு தடவை. நான் இரண்டு தடவையும் சிரித்துக்கொண்டு, நான் சாப்பிட்டுவிட்டேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். பிறகு விசாரித்ததில், எங்கள் வார்டுக்கு வந்த அன்று அவருக்கான மென்மையான உணவுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை, தட்டு இரண்டரை மணிக்குத்தான் வந்தது என்று தெரிந்தது. என் பரிசோதனை முழுவதையும் அவர் பசியோடுதான் செய்திருக்கிறார்.

"உங்கள் பேச்சு என்றால் எந்தப் பேச்சு?" என்று கேட்டேன்.

"மினாங்கபாவ். மேற்கு சுமத்ராவில் பேசுவது. எங்கள் ஊர் பயக்கும்பு பக்கம், மலைப் பகுதி."

"கோப்பில் இந்தோனேசியன் என்று இருக்கிறதே."

"படிவத்தில் கேட்டார்கள். அவளுக்கு இந்தோனேசியனும் நன்றாகத் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்தது. அதனால் அதையே போட்டேன். ஆனால் மயக்கம் தெளிந்த நாளிலிருந்து அவள் வாயில் வருவது வீட்டுப் பேச்சு மட்டும்தான்." கொஞ்சம் தயங்கி, "அது தப்பா?" என்றார்.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். வார்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், மலாயில், 'அவாக்' என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்துவிட்டு. அவர் இடது கையால் என் முழங்கையைத் தட்டினார். கணவரிடம் ஏதோ சொன்னார்.

"உனி என்று கூப்பிடச் சொல்கிறாள்," என்றார் அவர். "அக்கா என்று அர்த்தம்."

அன்றிலிருந்து அவர் எனக்கு உனி.

மறுநாள் காலையில் நான் முந்தின நாள் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கவாதத்தால் பேச்சு சிதைந்தவர்கள் தவறு செய்யும் விதம் எனக்குத் தெரியும். ஒரு தடவை 'பூனை' 'பூலை' ஆகும், அடுத்த தடவை 'சூனை' ஆகும், மூன்றாவது தடவை நாய் ஆகிவிடும். அதற்கு ஒழுங்கு கிடையாது. உனியின் தாளிலோ முக்கால்வாசித் தவறுகள் வரிசையில் நின்றன. 'இங்' என்று முடிய வேண்டியது எப்போதும் 'இயாங்'. 'உங்' எப்போதும் 'உவாங்'. கடைசியில் 'ஆ' வர வேண்டிய இடத்தில் எப்போதும் 'ஓ'. ஓர் இடத்தில்கூட மாறவில்லை.

'போரே' என்ற சொல்லில் என் பேனா நின்றது. அதை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூட கேண்டீனில் சோறு போடும் மலாய் அம்மா, மூட்டை வந்து இறங்கும்போது 'போரே, போரே' என்று கூவுவார். நான்கு என்பதற்கு 'ஓம்பெக்' என்பார். வகுப்பில் அப்படி எழுதினால் ஆசிரியை சிவப்பு மையால் சுழித்துவிடுவார். அது கொச்சை, நாட்டுப்புறத்து மலாய் என்று நாங்களும் நம்பினோம். செரம்பானில் அரசாங்கக் கட்டடங்களின் கூரை நுனிகள் எருமைக் கொம்பு மாதிரி வளைந்து நிற்கும். அவற்றின் கீழே நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கூரை அது. கொண்டுவந்தவர்கள் மினாங்கபாவ் மக்கள். பாடப்புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கேண்டீன் அம்மாவின் பேச்சும் அந்தக் கூரையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை.

வார்டில் ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸ் இருக்கிறார். எங்கள் இருவருக்கும் தேநீர் நேரம் ஒன்றாக வரும். அவரிடம் தாளைக் காட்டினேன்.

"நீங்க இவ பிழையாக் கதைக்கிறா எண்டு எழுதினீங்களோ?" என்றார்.

"ஆமாக்கா. இப்ப பார்த்தா தப்பு எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"ஒரே மாதிரி வந்தா அது பிழையில்லை, பிள்ளை. அது பாஷை." தேநீரை ஒரு வாய் குடித்தார். "போன வருஷம் எங்கட அங்கிள் ஒருத்தர் ஸ்ட்ரோக்கோட வந்தவர். கதிரை, கதிரை எண்டு கேக்கிறார். ஃபோனில இருந்த இண்டியாப் பிள்ளைக்கு அது விளங்கேல்லை. அர்த்தமில்லாத சத்தம் எண்டு சொல்லிப் போட்டுது. அந்த மனுசன் இருக்கிறதுக்கு ஒரு நாற்காலிதான் கேட்டவர்."

"நீங்க சொன்னீங்களா?"

"ஓம், சொன்னனான். நான் அண்டைக்கு டியூட்டியில இருந்தபடியா சரி. இல்லாட்டி?"

எனக்கும் அவருக்கும் இடையிலேயே அது உண்டு. நான் வேலையில் சேர்ந்த புதிதில், போய்விட்டு வருகிறேன் என்பதை அவர் 'போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டுப் போனபோது, எதைப் போட்டுவிட்டு வரப்போகிறார் என்று யோசித்தவள் நான்.

அந்த வாரக் குழுக் கூட்டத்தில், என் அறிக்கை தவறு, திரும்பப் பெறுகிறேன் என்று சொன்னேன். சொல்வது எளிதாக இல்லை. டாக்டர் கேட்டார்: "பேச்சுப் பாதிப்பே இல்லை என்கிறீர்களா?"

"பாதிப்பு இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் தெரியாது. நான் வேறு மொழியின் அளவுகோலை வைத்து அளந்திருக்கிறேன்."

மினாங்கபாவ் மொழிபெயர்ப்பாளர் யாரும் பட்டியலில் இல்லை. கணினியில் நோயாளியின் மொழியைத் திருத்தப் போனால், இறங்கி வரும் நீண்ட பட்டியலிலும் அது இல்லை. 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் தட்டச்சு செய்தேன். உனியின் கணவர் பட அட்டைகள் எல்லாவற்றுக்கும் தங்கள் ஊர்ச் சொல்லைத் தன் கைபேசியில் பதிவுசெய்து கொண்டுவந்தார். அதைக் கேட்டுக் கேட்டு நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆங்கில எழுத்தைவிட அந்த ஒலிகளுக்குத் தமிழ் எழுத்து எனக்கு வசதியாக இருந்தது. மறுபடி பரிசோதித்தோம். நான் தவறு என்று குறித்தவற்றில் முக்கால்வாசி தவறே இல்லை. மீதி உண்மையான தவறுகள். வாத்துப் படத்தைப் பார்த்துக் கோழி என்றார். சொன்ன உடனே அது இல்லை என்று அவருக்கே தெரிந்தது. சரியான சொல் நாக்குக்கு வராமல், தொடையில் இடது கையால் அடித்துக்கொண்டார். இப்போதுதான் எனக்கு வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

பயிற்சி ஒழுங்காக நடந்தது. வேடிக்கைகளும் நடந்தன. கால் கொஞ்சம் தேறிக் கம்பியைப் பிடித்து நிற்க ஆரம்பித்த நாளில், உனி வாசலைக் காட்டி, "போய்," என்றார். கூட நின்ற நர்ஸ் அக்கா திடுக்கிட்டார்.

"இவ தமிழ் கதைக்கிறாவோ?"

அவர்கள் ஊர்ப் பேச்சில் 'போய்' என்றால் போவது. செரம்பான் மலாய்க்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். சின்ன வயதில், அவர்கள் நம்மிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது தற்செயலாம். 'பெர்கி' என்ற மலாய்ச் சொல்லே தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. இரண்டு மொழிகள் இரண்டு பக்கத்திலிருந்து நடந்து வந்து ஒரே ஒலியில் முட்டிக்கொண்டது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. நர்ஸ் அக்கா அதற்குப் பிறகு தினமும் உனியிடம், "போவமோ?" என்று கேட்பார். உனி, "போய், போய்," என்பார். இருவரும் தாழ்வாரத்தில் நடந்து போவார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் கட்டம் வந்தது. எங்கே அனுப்புவது என்று பேச உனியின் கணவரை அழைத்தோம். டாக்டரும் சமூகப் பணியாளரும் நானும் இருந்தோம். லிட்கம் வீட்டுக்கா, சில மாதங்கள் பராமரிப்பு இல்லத்துக்கா, உங்கள் முடிவு என்ன என்று டாக்டர் கேட்டார்.

"என் மகளுடைய மாமாக் மெல்பர்னில் இருக்கிறார். அவர் வர வேண்டும்," என்றார் கணவர்.

எங்கள் ஊரில் 'மாமாக்' என்றால் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. ரொட்டி சானாய் எனும் பரோட்டாவும் தே தாரிக் எனும் ஆற்றிய தேநீரும் கிடைக்கும் இடம். ஒரு கணம், ரொட்டி வீசுகிற யாரோ ஒருவர் மெல்பர்னிலிருந்து வந்து முடிவு சொல்லப் போகிறார் என்று மனக்கண்ணில் ஓடியது. அசட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமாக் என்றால் யார்?" என்று கேட்டேன்.

"தாயுடன் பிறந்தவர். இவளுடைய அண்ணன்."

தாய்மாமன். மாமா. தமிழ்க் காதுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

சமூகப் பணியாளருக்குத்தான் சங்கடம். கணவன் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்க, அண்ணன் எதற்கு என்று பிறகு என்னைக் கேட்டார். அதற்குள் உனியின் கணவரிடம் விசாரித்து நான் கொஞ்சம் தெரிந்துவைத்திருந்தேன். அவர்களிடம் குலம் தாய் வழியில் வருகிறது. பூர்வீக வீடும் நிலமும் பெண்களுக்கு. கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறவன். சகோதரியையும் அவள் பிள்ளைகளையும் கவனிப்பது தாய்மாமனின் பொறுப்பு. ஜகார்த்தாவில் படிக்கும் மகளுக்கு எந்தக் கல்லூரி என்பதையும் அவரோடு பேசித்தான் முடிவுசெய்தார்களாம். 'லிட்கமில் யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது' என்று அவர் சிரித்திருந்தார்.

அண்ணன் அடுத்த சனிக்கிழமை வந்தார். மெல்பர்னின் கிளென் வேவர்லி பகுதியில் வீடு, கட்டடப் பொறியாளர். விடியும் முன்பே கிளம்பிக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தங்கையின் நெற்றியில் கை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களிடம் ஆங்கிலத்தில் பேசினார்: தன் வீடு பெரியது, மாடிப்படி ஏற வேண்டியதில்லை, தன் மனைவி வீட்டில்தான் இருக்கிறாள், அருகிலேயே நல்ல மருத்துவமனை உண்டு. தங்கையைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போக நினைக்கிறார்.

டாக்டர் கணவர் பக்கம் திரும்பினார். கணவர் டாக்டரைப் பார்க்கவில்லை. மைத்துனரின் காலணியைப் பார்த்துக்கொண்டு மினாங்கபாவில் மெதுவாக ஏதோ சொன்னார். அதற்குள் எனக்குப் பாதிக்கு மேல் புரிய ஆரம்பித்திருந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று டாக்டர் என் காதருகே கேட்டார்.

"பின்கட்டு எலுமிச்சை மரம் இந்த வருஷம்தான் காய்க்க ஆரம்பித்திருக்கிறதாம். தினமும் காலையில் அவள்தான் போய்ப் பார்ப்பாளாம்."

டாக்டர் தன் தாளில் எதையும் எழுதவில்லை.

அண்ணன், "மெல்பர்னில் இப்போது குளிர் அதிகம்தான்," என்றார், அதுவும் மினாங்கபாவில். கணவர் தலையசைத்தார். அண்ணன் தங்கையின் பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்து, நேரடியாக ஒரு கேள்வி கேட்டார். எங்கே இருக்க விரும்புகிறாய் என்று.

உனி நேரம் எடுத்துக்கொண்டார். உதட்டைக் குவித்தார், விட்டார். யாரும் அவருக்காகச் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை.

"அவாக் டி சிக்கோ," என்றார். நான் இங்கேதான்.

"லிட்கம் வீட்டுக்குத்தான்," என்று அண்ணன் எங்களிடம் ஆங்கிலத்தில் அறிவித்தார். ஏதோ தானே அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் காரோட்டி வந்ததுபோல.

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடம் வரை அவரோடு நடந்தேன். எலுமிச்சை மரத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்களிடம் பேசுவதற்கு நாலு பாதை உண்டு," என்றார். "பெரியவர்களிடம் ஏறுகிற பேச்சு. சின்னவர்களிடம் இறங்குகிற பேச்சு. சமவயதுக்காரர்களிடம் சமதளம். நாலாவது, சரிந்து போகிற பேச்சு. அது கல்யாணத்தால் உறவானவர்களுக்கு. தங்கை புருஷன் என்னிடம் 'அவளைக் கூட்டிப் போகாதீர்கள்' என்று நேராகச் சொல்லிவிட்டால், நான் மறுத்தால் அவருக்கு அவமானம், ஒத்துக்கொண்டால் எனக்கு. எலுமிச்சை மரத்தைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் இல்லை."

"குளிர் அதிகம் என்று நீங்கள் சொன்னது?"

"சரி, விட்டுக்கொடுக்கிறேன் என்றேன்."

நான் சிரித்துவிட்டேன். என் அம்மா செரம்பானிலிருந்து வந்து எங்களோடு தங்கும் நாட்களில், என் கணவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா என்னைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு," என்பார். அவரும் என்னைப் பார்த்தே, "போதும்னு சொல்லு," என்பார். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர். இத்தனை வருஷமாக அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இதைச் சொன்னதும் அவர் நின்றுவிட்டார்.

"அப்படியானால் அது சரிந்த பேச்சேதான்," என்றார்.

"மாமாக்கும் எங்கள் மாமாதானே?"

"நீங்கள் எங்களிடமிருந்து எடுத்ததா, நாங்கள் உங்களிடமிருந்து எடுத்ததா?"

கடை அவர்களுக்குக் 'காடாய்', கப்பல் 'காப்பா'. இவை தமிழ் வணிகர்களோடு போனவை என்று நான் உறுதியாகச் சொன்னேன். மாமாவைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அம்மா, மாமா போன்ற சொற்கள் எந்தக் குழந்தை வாயிலும் பிறக்கக்கூடியவை. பிறகு நானும் தேடிப் பார்த்தேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் இன்னும் மூடவில்லை.

உனி லிட்கம் வீட்டுக்குப் போனார். வாரம் இரண்டு நாள் வெளிநோயாளியாக என்னிடம் வந்தார். வீட்டுப் பேச்சு முதலில் நிறைந்தது. இந்தோனேசியன் அதன் பின்னால் வந்தது. ஆங்கிலம் கடைசியில், அதுவும் அரைகுறையாக வந்தது. காப்பகத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வலது கைக்கு இனிக் கத்தி கிடையாது. என்ன சமைப்பது, எவ்வளவு போடுவது என்று மேற்பார்வை. குழந்தைகளோடு பேச அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தேவைப்படவில்லையாம்.

வசந்தம் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹோம்புஷ் பக்கத்துப் பூங்கா ஒன்றில் அவர்கள் ஊர்க்காரர்கள் கூடுகிறார்கள், நீங்களும் வர வேண்டும் என்று அவருடைய கணவர் அழைத்தார். போனேன். பாய்கள் விரித்து, மூடிபோட்ட பாத்திரங்களாக அடுக்கியிருந்தார்கள். உனி மடக்கு நாற்காலி ஒன்றில் நடுவில் உட்கார்ந்திருந்தார். முட்டையும் மாவும் சேர்த்து மொறுமொறுவென்று வறுத்து, தேங்காய்ப்பால் வற்றச் சமைக்கும் ரெண்டாங் இறைச்சிக்குப் போடும் அதே மசாலாவில் பிரட்டிய ஒரு பலகாரத்தை எனக்குக் கொடுத்தார். முட்டை ரெண்டாங், எங்கள் ஊர் விசேஷம் என்றார்.

பக்கத்தில் இருந்த அவர்கள் மாநிலத் தலைநகரான பாடாங்கைச் சேர்ந்த பெண் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ரெண்டாங் ஆகுமா? இது நொறுக்குத் தீனி," என்றார்.

உனி கையிலிருந்த தட்டைக் கணவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுவதுமாகச் சொல்ல முடியாது. என்னால் பின்தொடர முடியாத வேகத்தில் இருவரும் பேசினார்கள். தேங்காய்ப்பால் எவ்வளவு நேரம் வற்ற வேண்டும், எது தீனி, எது கறி, எந்த ஊர்க்காரருக்கு நாக்கு இருக்கிறது, எந்த ஊர்க்காரருக்கு இல்லை என்றெல்லாம் போனது. சுற்றி இருந்தவர்கள் பக்கம் பிரிந்து சேர்ந்துகொண்டார்கள். நடுவில் ஓர் இடத்தில் உனிக்குச் சொல் தட்டியது. வாய் திறந்தபடி நின்றது. எதிர்த்துப் பேசியவர் காத்திருந்தார். உனி இடது கையைக் கவிழ்த்துக் காற்றில் ஒரு பாத்திரத்தின் வடிவத்தை வரைந்தார். அடியில் தீ எரிவதுபோல் விரல்களை ஆட்டினார். அந்தச் சொல்லைத் தாண்டி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். யாரும் சிரிக்கவில்லை. விவாதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நான் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். காரம் மெதுவாக ஏறியது. கணவர் என் பக்கத்தில் வந்து, பழச்சாறு வேண்டுமா என்று கேட்டார். எவ்வளவு நேரமாகப் பேசுகிறார்கள் என்று கேட்டேன். "இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறார்கள்," என்றார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. விடைபெற உனியின் தோளைத் தொட்டேன். அவர் திரும்பாமலேயே என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, பேச்சை விடாமல் தொடர்ந்தார்.